ஊட்டியில் நீங்கள் பார்த்த கற்பூர மரக் காடு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வழியெல்லாம் யூகலிப்டஸும் பைனும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. மரம் நட்டால் நல்லது என்றுதானே பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்? இவற்றை வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரை ஏன் போகிறார்கள்? வியாபாரத்துக்காக வளர்க்கும் மரங்கள் இயற்கைக் காட்டைக் காப்பாற்றுமா, கெடுக்குமா?"

பார்வைக்கு மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மரம் நிற்கும் இடத்தையெல்லாம் காடு என்று கணக்கில் சேர்க்கலாமா என்பதே அது. என் பதில், அந்த மரத்தை நடுவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்பது. ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் வனவராக வேலைக்குச் சேர்ந்து, வனச்சரகராக ஓய்வு பெற்றவன். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகிய மூன்று இடங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்த மரங்களில் கொஞ்சம் நானே ஆள் வைத்து நட்டவை, அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையான சாட்சி கிடையாது. ஆராய்ச்சியாளனும் இல்லை. இந்தோனேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களைப் பற்றியோ பிரேசிலைப் பற்றியோ பேச எனக்கு அனுபவம் போதாது. நம் மலைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீலகிரியின் மேல்மட்டம், அதாவது 1,800 மீட்டருக்கு மேலே உள்ள பகுதி, ஒருகாலத்தில் மரம் மூடிய மலையாக இருக்கவில்லை. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடு என்ற குட்டையான பசுமைமாறாக் காடு, மீதி மேடெல்லாம் புல்வெளி. இரண்டும் அருகருகே, கத்தியால் வெட்டியதுபோல எல்லை பிரித்து நிற்கும். குளிர்காலத்தில் திறந்த இடத்தில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நெருப்புக்கும் மேய்ச்சலுக்கும் எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் ஆளுக்கொரு கருத்து. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. பழைய சோலைகளை மனிதன் அழித்ததால் உண்டான தரிசு இந்தப் புல்வெளி என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள், அது சரியில்லை. நீலகிரிச் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனை வைத்து சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியது. ஆக இந்தப் புல்வெளி சோலையைப் போலவே பழமையானது.

வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்தபோது இது காலி நிலமாகத் தெரிந்தது. 1820-களில் ஊட்டி ஊராகத் தொடங்கியதும் குளிருக்கு விறகு தேவைப்பட்டது. கைக்கெட்டிய சோலைகளை முதலில் வெட்டினார்கள். அவை திரும்ப வளர வெகுகாலம் பிடிக்கும் என்று தெரிந்ததும், வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1830-களிலும் 40-களிலும் சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரங்கள் வந்தன. 1843-ல் யூகலிப்டஸ் வந்தது. நீலகிரியில் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர், சமவெளியில் தைல மரம். அந்தக் காலத்தில் நட்டதெல்லாம் ஊர் ஓரங்களில் ஒப்பீட்டளவில் சிறிய பரப்புதான். உண்மையான விரிவு சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது. தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், ரேயான் நூலுக்கும் காகிதத்துக்கும் கூழ்மரம் வேண்டும். புல்வெளிகளில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர்களில் குழி எடுத்தோம். வெள்ளைக்காரர்களை மட்டும் குறைசொல்லும் பேச்சைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் வேலைத் திட்டத்தில் மரம் இல்லாத புல்வெளிக்கு 'பிளாங்க்' என்று பெயர். வெற்றிடம். அதை நிரப்புவதுதான் எங்களுக்கு இலக்கு. மேலதிகாரி வந்து நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணுவார். நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தால் பாராட்டு. நான் பொறுப்பில் இருந்த ஒரு சரிவில் அப்படிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதன் கீழே ஒரு சிறு ஊற்று இருந்தது, நாற்றங்காலுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் சுமந்தோம். சில ஆண்டுகள் கழித்து அதே வழியாகப் போனேன். பிப்ரவரி மாதம், ஊற்று இருந்த இடத்தில் ஈரம்கூட இல்லை.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் இது ஒரு ஆளின் ஞாபகம். அந்த ஆண்டு மழையே குறைவாக இருந்திருக்கலாம், மேலே யாராவது குழாய் போட்டிருக்கலாம். நல்லவேளையாக, இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உதகையில் இயங்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. 1968-லிருந்து இரண்டிலும் ஓடைநீரை அளந்தார்கள். பிறகு ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் மட்டும் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அந்த ஓடையின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பை வளரவிட்ட அடுத்த பத்தாண்டில் குறைவு சுமார் 25 சதவீதம் ஆனது. அடிமரமும் வேரும் ஏற்கெனவே ஊன்றி நிற்பதால் மறுதாம்பு இன்னும் அதிகமாகக் குடிக்கிறது. பைக்காரா, குந்தா என்று மின்சாரத்துக்கு அணைகட்டி வைத்திருக்கும் மலையில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த முடிவை எங்கேயும் எடுத்துப்போய் ஒட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒப்பிட்டது புல்லையும் மரத்தையும். சோலையை வெட்டிவிட்டு யூகலிப்டஸ் நட்டால் நீர் எவ்வளவு குறையும் என்று அந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. சமவெளியில் நிலத்தடி நீரை யூகலிப்டஸ் வற்றச் செய்கிறதா என்பதும் வேறு கேள்வி. மண்ணின் ஆழம், மழையின் அளவு, வேர் போகும் தூரம் எல்லாவற்றையும் பொறுத்து விடை மாறும். கர்நாடக அரசு 2017-ல் யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை போட்டது, அது இந்தக் கவலையால்தான். 'யூகலிப்டஸ் மழையை விரட்டும்' என்ற பேச்சுக்கு மட்டும் நான் எந்த ஆதாரமும் பார்த்ததில்லை. பழைய காலத்தில் பல நாடுகளில் சதுப்பை வற்ற வைக்கவே இதை நட்டார்கள். தண்ணீர் குடிக்கும் மரம் என்பது நட்டவர்களுக்கே தெரிந்துதான் இருந்தது.

தண்ணீரைவிடப் பெரிய சேதம் என்று நான் நினைப்பது பரவல். யூகலிப்டஸ் இதில் அவ்வளவு மோசமில்லை, பெரும்பாலும் நட்ட இடத்தோடு நின்றுகொள்ளும். வாட்டில் அப்படியில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நெருப்பு பட்டால் விதையுறை வெடித்து ஒரே நேரத்தில் முளைக்கும். அவரை இனம் என்பதால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டே போகும். ஏழை மண்ணில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அந்தச் செழிப்பே எமன். பழனிமலையின் 1973, 2014 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டது. சோலையில் போனது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் விவசாயத்துக்குப் போனது, பெரும்பகுதி மரத்தோட்டத்துக்குள் போனது. தோட்டம் போட்டவர்கள் நட்டது ஒரு பங்கு, வாட்டில் தானாக நட்டுக்கொண்டது இன்னொரு பங்கு.

புல் போனால் அதோடு போவது என்ன? வரையாடு புல்லும் பாறையும் இல்லாமல் வாழாது. நம் மாநில விலங்கு அது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவை புல்லுக்குள்தான் கூடு கட்டும். குறிஞ்சி பூக்கும் சரிவுகளும் இவைதான். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வதற்கென்று குறிப்பிட்ட மலைப்புல் உண்டு, இப்போது அதைத் தேடி வெகுதூரம் நடக்கிறார்கள். 'காடு வளர்ப்பு' என்று நாங்கள் எழுதிய பதிவேடுகளில் இவை எதற்கும் கட்டம் இல்லை.

சரி, அப்படியானால் வெட்டித் தள்ளிவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பணியின் கடைசி ஆண்டுகளில் வாட்டிலை அகற்றும் வேலையிலும் நான் இருந்தேன். ஒரு சரிவை முழுக்க வெட்டினோம், கட்டைகளை இறக்கினோம், படம் எடுத்து அனுப்பினோம். அடுத்த மழைக்கு அந்தச் சரிவு கீரைப்பாத்தி போல இருந்தது. எங்கு பார்த்தாலும் வாட்டில் நாற்று. ஆண்டுதோறும் போய்க் கையால் பிடுங்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். வெட்டுவதற்கு ஒதுக்கிய பணம் பிடுங்குவதற்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டில் முன்பு இருந்ததைவிட அடர்ந்த வாட்டில் காடு அங்கே நின்றது. பரவல் மரங்களை வெட்டினால் மட்டும் போதாது என்பதை அந்தச் சரிவு எனக்குக் கற்றுக்கொடுத்தது. தொடர்ந்து பத்து ஆண்டுகளாவது பிடுங்க ஆள் இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. பழனிமலையில் பழைய வாட்டில், யூகலிப்டஸ் தோட்டங்களுக்குள் நடந்து பார்த்தால், நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து நிற்பதைக் காணலாம். உறைபனியிலிருந்து அந்த அந்நிய மரமே கன்றுக்குக் குடை பிடிக்கிறது. பக்கத்தில் சோலை இருந்து, பறவைகள் விதையைக் கொண்டுவந்து போட்டால், ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்த இடம் சோலையை நோக்கிப் போகிறது. இதைப் பார்த்துச் சிலர் தோட்டங்களை அப்படியே விடச் சொல்கிறார்கள். அது புல்வெளியாக இருந்த இடம், சோலையாக மாறினாலும் இழப்பு இழப்புதான் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. எந்தப் பக்கத்தையும் முழுதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

இதுவரை சொன்னது மேல்மலை. ஆனைமலையின் வால்பாறைக்கு வந்தால் கதை வேறு. அங்கே இருந்தது மழைக்காடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து காப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் அதை வெட்டினார்கள். இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் எஸ்டேட் நிலத்துக்கு நடுவே, தீவுகள் போல நாற்பது சொச்சம் காட்டுத் துண்டுகள் மிச்சம். தேயிலைத் தோட்டம் அந்தத் துண்டுகளுக்குள் நேரடியாக நுழைவதில்லை, ஆனாலும் அவை தேய்கின்றன. ஓரத்தில் வெயிலும் காற்றும் உள்ளே வருகின்றன, பெருமரங்கள் சாய்கின்றன, அந்த இடைவெளியில் உண்ணிச்செடி ஏறுகிறது. தேயிலையை உலர்த்த ஆலைக்கு விறகு வேண்டும், அதற்கென்று எஸ்டேட்காரர்கள் யூகலிப்டஸ் வைத்தார்கள். நிழலுக்கு சில்வர் ஓக், அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா போன்ற காட்டுமரங்கள் வேண்டும். சில்வர் ஓக்கில் அதற்கு உண்ண என்ன இருக்கிறது? துண்டுக்குத் துண்டு தாண்ட மரக்கிளை இல்லாமல் அவை சாலையில் இறங்கி அடிபடுவதை வால்பாறையில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இங்கே நம்பிக்கை தருகிற ஒன்றையும் பார்த்தேன். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பினர் 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, சிதைந்த துண்டுகளில் களை எடுத்து, அந்த இடத்துக்குரிய மழைக்காட்டு மரங்களைப் பலவகையாகக் கலந்து நட்டு வருகிறார்கள். ஒரே மரத்தை வரிசையாக நடும் எங்கள் பழைய பாணிக்கு நேர்மாறான வேலை. மழைக்காடு இருந்த இடத்தில் மழைக்காட்டு மரம் நடுவதை யாரும் குறைசொல்ல முடியாது. நான் முன்னால் சொன்ன 'முன்பு என்ன இருந்தது' என்ற கேள்விக்கு இது நல்ல உதாரணம்.

தேக்கு பற்றியும் கேட்பார்கள், 'அது நம் மரம்தானே' என்று. ஆம், நம் மரம்தான். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று சொல்லப்படுவது 1840-களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலி தொடங்கியது. நட்டு வளர்த்ததில் சாத்து மேனன் என்பவருக்குப் பெரும் பங்கு. கப்பல் கட்டத் தேக்கு தேடியதில்தான் ஆனைமலைக் காடுகளும் மொட்டையாயின. வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் டாப் சிலிப் என்ற பெயரே வந்தது. பிறகு அங்கே தேக்கைத் திரும்ப வளர்த்த ஹ்யூகோ வுட் என்ற அதிகாரியின் கல்லறை டாப் சிலிப்பில் இன்றும் இருக்கிறது. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும், கலப்புக் காட்டை நீக்கி ஒரே வயதுத் தேக்கை நிரப்பினால் அது நம் மரமாக இருந்தாலும் தோட்டம்தான். கோடையில் ஒரே நேரத்தில் இலை உதிர்ந்து வெட்டவெளியாகும். மழையில் அந்த அகன்ற இலையிலிருந்து விழும் பெருந்துளி, அடியில் சருகு இல்லையென்றால் மண்ணைக் கரைக்கும். வெளிச்சம் தாராளமாக இறங்குவதால் உண்ணிச்செடிக்குக் கொண்டாட்டம்.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி: வணிகத் தோட்டம் இயற்கைக் காட்டைக் காப்பாற்றுமா? இதற்கு ஆம் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எடுக்காமல் விவசாயிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. அதையொட்டித்தான் மேல்மலையில் புதிதாக அந்நிய மரம் நடுவது நின்றது. இன்று தமிழ்நாட்டில் காகித ஆலைக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி சவுக்கும் தைல மரமும், விவசாயிகள் தங்கள் பட்டா நிலத்தில் வளர்த்தவை. சரிவர விளையாத மேட்டு நிலத்தில் ஒரு விவசாயி சவுக்கு போட்டு மூன்று நான்கு ஆண்டில் வெட்டி விற்றால், அந்த அளவுக்கு எங்கோ ஒரு காட்டின்மேல் பாரம் குறைகிறது என்று நம்பலாம். முழுதாக நிரூபிக்கப்பட்ட கணக்கு என்று இதை நான் சொல்ல மாட்டேன். மரம் மலிந்தால் ஆலையும் பெருகும், ஆலை பெருகினால் தேவையும் பெருகும். ஆனாலும் இயற்கைக் காட்டுக்குள்ளேயே தோட்டம் போட்டுவிட்டு 'காட்டைக் காப்பாற்றுகிறோம்' என்று நாங்கள் சொன்ன காலத்தை நினைத்தால், இது எவ்வளவோ தேவலை.

மலையிலேயே தங்கிப்போன மரங்களின் கதி வேடிக்கையானது. எந்த ஆலைகளுக்காக நட்டோமோ அவற்றில் சில மூடப்பட்டன. 1996-க்குப் பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவுகளால் வனநிலத்தில் எந்த மரத்தை வெட்டவும் நடைமுறைகள் இறுகின. வாங்க ஆள் இல்லாமல், வெட்ட அனுமதி இல்லாமல், வாட்டில் நிம்மதியாகப் பரவியது. இப்போது நீதிமன்றங்கள் அகற்றச் சொல்கின்றன. முதுமலையில் பரவிய சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற மரத்தைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கூழுக்கு எடுத்துக்கொள்கிறது. களையை வெட்டும் செலவுக்குக் களையே கொஞ்சம் தருகிறது, நல்ல ஏற்பாடுதான். அதுவே வருமானமாகப் பழகிவிட்டால் களையை முழுதாக ஒழிக்க யாருக்கு ஆசை இருக்கும் என்ற கவலை மட்டும் எனக்கு உண்டு.

அரசுப் புள்ளிவிவரங்களைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க ஒரு தகவல். இந்திய வன அளவாய்வு நிறுவனம் 'வனப்பரப்பு' என்று சொல்வது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மர நிழல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும் என்ற அளவுகோலில். நிலம் யாருடையது, என்ன மரம் என்று அது பார்ப்பதில்லை. தென்னந்தோப்பும் அதில் வரும், சில்வர் ஓக் நிற்கும் தேயிலைத் தோட்டமும் வரலாம், சோலையும் வரும். மரமில்லாத புல்வெளி மட்டும் வராது. ஆகவே ஒரு மாவட்டத்தில் வனப்பரப்பு கூடியது என்று செய்தி வந்தால், அங்கே புல்வெளி வாட்டிலாக மாறியிருக்கிறது என்பதும் அதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கொடைக்கானலில் படம் எடுத்த பைன் காடு. அதையும் வெட்டணுமா என்று கேட்டால், என் வரிசையில் அது முதலில் வராது. பைன் வாட்டிலைப் போல வெறிகொண்டு பரவுவதில்லை, அதைப் பார்க்க வரும் கூட்டத்தால் பிழைக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். புல்வெளியில் தானாக முளைத்த பைன் கன்றுகளைப் பிடுங்கினால் இப்போதைக்குப் போதும். முதலில் கை வைக்க வேண்டியது, நல்ல புல்வெளியின் விளிம்பில் முழங்கால் உயரத்தில் நிற்கும் வாட்டில் நாற்றுகளில். ஒரு ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பிடுங்கிவிடலாம், மழை பெய்த மறுநாள் என்றால் வேரோடு வரும்.